ஒரு நெடில், இரண்டு குறில்

கூத்தாநல்லூரில் பதுருதீனின் ஃபிளெக்ஸ் கடை.
நான் போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டே கால்.
தை மாதத்தில் பெய்யக் கூடாத மழை
பெய்துகொண்டிருந்தது.

மதர்போர்டு புதிது, போன வாரம்
திருவாரூரில் நானே விற்றது.
மலிவாக இருக்கிறதே என்று
தனக்கென ஒரு கோடுகூட வரையத் தெரியாத
பிராசஸரைத் தலையில் கட்டியதும் நானே.
கிராபிக்ஸ் கார்டு மட்டும் பழசு,
அவர் மச்சான் சிங்கப்பூரிலிருந்து
கைலிக்குள் சுற்றிக் கொண்டுவந்தது.
"அத மாத்தச் சொல்லாதிய தங்கச்சி,
விசிறி சுத்துது பாருங்க."

விசிறி சுற்றியது.
திரை கறுப்பு.
உள்ளிருந்து சின்ன ஸ்பீக்கர் சொன்னது:
ஒரு நெடில், இரண்டு குறில்.
படம் காட்ட ஆள் வரவில்லை
என்று அதற்குப் பொருள்.

கட்டைப் பெஞ்சில் அய்யாறு,
விவசாயிகள் சங்கம்,
நனைந்த சட்டைப்பையில் நனையாத ஒரு தாள்.
பத்துக்கு ஆறு பேனர், விடிவதற்குள் வேண்டும்.
'கொள்முதல் ஈரப்பதத்தை
இருபத்திரண்டாகத் தளர்த்து!'

"கார்டு போயிடுச்சா?" என்றார்.
போகவில்லை என்றேன்.
எழுப்புகிற முறைதான் மாறிவிட்டது.
முன்பு பயாஸ் வந்து கதவைத் தட்டும்,
கார்டு உள்ளிருந்து ஒரு குரல் கொடுக்கும், அது போதும்.
இப்போது இருப்பது யூஇஎஃப்ஐ.
புதுப் பாஷையில் எழுதி
கையெழுத்துப் போட்ட சீட்டு கேட்கிறது.
இந்தக் கார்டு பிறந்தபோது
அந்தச் சீட்டை யாரும் கேட்டதில்லை.

அய்யாறு கொஞ்ச நேரம் கார்டையே பார்த்தார்.
"எங்க நெல்லும் கெட்டுப்போகல.
மிஷின் இருபத்தொண்ணு காட்டுது,
பதினேழுன்னாதான் எடுப்பானாம்."

தளர்வு இதற்குள்ளும் ஒன்று உண்டு.
சிஎஸ்எம் என்று பெயர்.
பழையதும் வந்து போகட்டும் என்று திறந்துவிடும் ஷட்டர்.
அதைத் திறக்கத் திரை வேண்டும்.
திரை வர அது திறந்திருக்க வேண்டும்.
பத்து நிமிஷம் நான் ஒன்றும் செய்யவில்லை,
டீ குடித்தேன்.

பிறகு அடுத்த தெரு ரில்வான்.
பன்னிரண்டாம் வகுப்பு, துப்பாக்கி விளையாட்டுக்காரன்.
பாதிச் சண்டையில் எழுந்து
தன் கார்டைக் கழற்றித் தலையணை உறையில் போட்டுத் தந்தான்.
"அரை மணி நேரந்தான் அக்கா"
என்று மூன்று தடவை சொல்லி, நம்பாமல்
கூடவே வந்து நின்றான்.

அவனுடைய கார்டுக்கு இரண்டு பாஷையும் தெரியும்.
திரை வந்தது.
செக்யூர் பூட், அணை.
சிஎஸ்எம், திற.
படத்துக்குப் பழைய முறை.
டிஸ்க்குக்குப் புதிய முறையே இருக்கட்டும்,
அதில் கை வைக்கக் கூடாது.
நீடாமங்கலத்தில் ஒருமுறை வைத்தேன்,
விண்டோஸே எழவில்லை, அதை இங்கே எழுதப்போவதில்லை.
சேமி. அணை. கார்டை மாற்று.
ரில்வான் தன்னுடையதை வாங்கிக்கொண்டு ஓடினான்.

பொத்தானை அமுக்கச் சொன்னேன், பதுருதீன்
பிஸ்மில்லா சொல்லி அமுக்கினார்.
ஒரே ஒரு குறில்.
சிங்கப்பூர் கார்டு, கொஞ்சம் தாமதமாக,
கொட்டாவி விட்டதுபோல ஒரு வெளிச்சம்.

பதினொன்றரைக்குப் பேனர் இறங்கியது.
'தளர்த்து'வில் ஒற்று விட்டுப்போயிருந்ததை
அய்யாறுதான் கண்டுபிடித்தார்,
மறுபடி அடித்தோம்.

காலையில் அந்த வழியாகத்தான் திரும்பினேன்.
கொள்முதல் நிலையத்து வாசலில்
கோஷமில்லை, கூட்டமில்லை.
களத்தில் நெல் குவியல் குவியலாக.
விடிகாலை மழைக்குத் தார்ப்பாய் போதவில்லையாம்,
கடைசிக் குவியலின் மேல்
எழுத்து உள்பக்கமாய்க் கவிழ்த்து
நான்கு மூலைக்கும் செங்கல் வைத்திருந்தது
எங்கள் பேனர்.
காற்று தூக்கிய ஓர் ஓரத்தில்
'ர்த்து' மட்டும் தெரிந்தது.
தளர்த்தினார்களா என்று கேட்க
யாரும் வெளியே இல்லை.

போன் அடித்தது. பதுருதீன்.
"புது விண்டோஸ் தயார்னு கேக்குது தங்கச்சி,
செக்யூர் பூட்டு போடணுமாம்.
அமுக்கவா?"

அமுக்காதீர்கள் என்றேன்.
ஸ்கூட்டரை மரத்தடிக்குத் தள்ளினேன்,
மறுபடி தூறல்.