ஏழாவது வரி

கல்மண்டபம் படிப்பகத்தில்
மாலை ஆறரைக்கு மேல் நான்தான் வாய்.
எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் நாலு பேர்,
கேட்க வருபவர் நாற்பது பேர்.
மாங்கனீசுத் தூள் படிந்த முழங்கால்கள்
பெஞ்சில் கொஞ்சம், தரையில் மிச்சம்.

முதல் தேர்தல் நடந்த தை மாதம் அது.
சுவரெல்லாம் சுண்ணாம்பில் சின்னங்கள்.
எங்கள் சின்னத்தின் மேல் எவனோ சாணி அடித்துவிட்டான்,
அதைப் பற்றித்தான் கூச்சல்.
அடக்குவதற்காக மூன்றாம் பக்கம் புரட்டினேன்.

இஸ்ரேல்.
நாலு வயசு முடியாத நாடு.
ஜெர்மனியிடம் இழப்பீடு கேட்கலாம் என்கிறது சர்க்கார்:
வந்திறங்கியவர்களுக்குக் கூடாரம்தான் வீடு,
முட்டைக்கும் ரேஷன் அட்டை.
கூடாது என்கிறார் எதிர்க்கட்சித் தலைவர்.
எரித்தவன் எண்ணித் தருவதை வாங்கினால்
செத்தவர்களுக்கு நாமே விலை எழுதியதாகாதா?
கூட்டம் சபையை நோக்கி நகர்ந்ததாம்,
ஜன்னல் கண்ணாடி உடைந்ததாம்.

படிக்கப் படிக்க என் குரல் ஏறியது.
காரணம் எனக்குத் தெரியும்.
வாசல் நிலையில் சாய்ந்து பாஞ்சாலை நின்றிருந்தாள்.

கார்த்திகையில் சிலிங் அறுந்து
பன்னிரண்டு மூட்டை சிமெண்ட்
வேதகிரி மேல் இறங்கியது.
கம்பெனி எண்ணூறு ரூபாய் என்றது.
கையெழுத்துப் போடாதே, ரத்தப் பணம் என்றேன்,
சங்கத்தின் செயலாளன் நான்.
அவள் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று,
ஸ்கூலில் ஒன்று.

"கரீக்ட்டா சொல்லிக்கிறான்யா அந்த ஆளு,"
என்றான் கிரேன் கிறிஸ்துதாஸ்.
"கப்பல் வாங்கணும்னா துட்டு வேணாமா?"
என்றான் எட்டியப்பன்.
மூலையிலிருந்து மொய்தீன் பாவா,
பீடியை எடுக்காமலே:
"அந்த எடத்துல முன்னாடி குடியிருந்து
தொரத்தப்பட்டவனுக்கு
எவன் குடுப்பான், அத்தப் படி."
தேடினேன்.
அதற்குள் பத்தி முடிந்து
தலைவலித் தைல விளம்பரம் வந்துவிட்டது.

அப்போதுதான் பாஞ்சாலை கேட்டாள்:
"அந்தத் தலைவரு வூட்ல யாரு செத்தாங்க?"
பேப்பரில் அது இல்லை.
அன்று எனக்கும் தெரியாது.
நிறையப் பேர் செத்திருக்கலாம் என்றேன்.
"அப்ப அவரு பேசட்டும்.
ஒங்க வூட்ல யாரு செத்தாங்க?"

பெட்ரோமாக்ஸ் புஸ்ஸென்று இரைந்தது.
யாரோ பம்பு அடித்தார்கள்.

அவள் முந்தானையிலிருந்து பத்திரத்தை எடுத்தாள்.
எட்டாக மடித்தது, மஞ்சள் கறையோடு.
"இத்தயும் படி. ஒரு வரி விடாம."
படித்தேன். நாற்பது பேரும் கேட்டார்கள்.
ஏழாவது வரியில் இருந்தது:
மேற்படி மரணம் இறந்தவரின் கவனக்குறைவால்
நேர்ந்ததென ஒப்புக்கொள்கிறேன்.

வெட்கமாக இருந்தது.
வாங்காதே என்று ஊரெல்லாம் சொன்னேனே,
அதுவரை
இந்தத் தாளை நான் முழுசாகப் படித்ததில்லை.

"துட்டு வாங்கினா மறந்துட்டேன்னு அர்த்தமா?
அது இன்னா கணக்கு?
அந்த வரிய அடி.
மிச்சத்துக்கு ரேகை வெக்கிறேன்."
செக்கர் வைத்திருந்த நீலப் பென்சிலால் அடித்தேன்.
தாள் கிழிந்துவிடும் போல அழுத்தினேன்.

மூன்றாம் நாள் பேப்பரில் வந்தது:
அங்கே ஓட்டெடுப்பில் சர்க்கார் ஜெயித்தது,
பதினோரு ஓட்டு வித்தியாசம்.
கிறிஸ்துதாஸ் துப்பினான். எட்டியப்பன் சிரித்தான்.
மொய்தீன் பாவா அன்று நைட் ஷிப்ட்.

அடித்த வரியோடு எங்கள் தாள்
தம்புச்செட்டித் தெரு ஆபீசில் ஒரு மாதமாகக் கிடக்கிறது.
பாஞ்சாலை தினமும் போகிறாள்,
கைப்பிள்ளையைக் கவுண்டர் மேல் உட்காரவைத்துவிட்டு
வேதகிரி எப்படிச் செத்தான் என்று
குமாஸ்தாவுக்கு முதலிலிருந்து சொல்கிறாள்.