ஒன்பது புள்ளி இரண்டு

கண்ணகி நகரில் எங்கள் பிளாக்,
மாடிப்படிக்குக் கீழே சைக்கிள்களை நகர்த்திவிட்டு
மேசை போட்டிருந்தோம்.
போர்டு கிடையாது.
கொடியில் நாகவல்லியின் சிவப்புத் துண்டு தொங்கினால்
இன்று ரத்தம் பார்க்கிறோம் என்று பொருள்.

ஹாலந்திலிருந்து வந்தாள் மரைக்கா.
மூன்று மாத விசா, அவளைவிடப் பெரிய முதுகுப்பை,
நாற்பத்திரண்டு கேள்விகள்.
நான் மொழிபெயர்ப்பவள்.
பி.ஏ. ஆங்கிலம், இரண்டாம் வகுப்பு,
நாளுக்கு நானூறு ரூபாய்.

பதினேழாம் கேள்வி:
உங்கள் வீட்டில் முடிவெடுப்பவர் யார்?
"தண்ணி லாரி" என்றாள் ரெஜினா.
அது வரும் நேரத்தை வைத்துத்தான்
சமையல், குளியல், சண்டை,
வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதும்.
கட்டத்தில் லாரிக்கு இடமில்லை.
மரைக்கா ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

முப்பதாம் கேள்வியில் இருந்த சொல்லுக்கு
அகராதி 'அதிகாரமளித்தல்' என்கிறது.
சொன்னேன்.
பர்வீன் கேட்டாள்:
"அளிக்கிறது யாரு?
எத்தினி கிலோ? ரேஷன் கார்டு எடுத்தாரணுமா?"
சிரிப்பு அடங்கவில்லை.
மரைக்கா என் முகத்தைப் பார்த்தாள்.
"யோசிக்கிறார்கள்" என்றேன்.
பொய்யில்லை.
கழிப்பறைச் சந்துக்கு விளக்கு கேட்டு
மாநகராட்சி அலுவலக வராண்டாவில்
பதினோரு நாள் மதியச் சோறு பிரித்தவர்கள் இவர்கள்.
நெத்திலிக் குழம்பு வாசம் தாங்காமல்
கையெழுத்துப் போட்டார் அதிகாரி.

அன்றைக்குக் கூட்டம் குறைவு, மழை இருட்டு.
"நீயும் உக்காரு" என்றாள் நாகவல்லி.
இதற்கு நான் தேவைப்படவில்லை.
விரலில் ஊசி.
துளி வர நேரமெடுத்தது.
ஒன்பது புள்ளி இரண்டு.
வந்த இருபது பேரில்
அதுதான் குறைச்சல்.

நோட்டில் இருபதாவது வரி.
பெயர்: மாரியக்கா.
பிளாக் எண் என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்று
'வந்திருக்கு' என்று எழுதியது.
"தூரம் எத்தினி நாளு?
சாப்ட்ட கையோட டீ குடிக்கிறியா?
உங்கூட்ல யாரு முடிவு பண்றது?"
கடைசிக் கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னேன்.
அவள் வெகுநேரம் பேசினாள்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
இங்கேயும் எழுதப்போவதில்லை.
பர்வீன் மட்டும்
ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

மறுநாள் எஸ்தர் சுவரொட்டி வறுத்துக் கொண்டுவந்தாள்.
மரைக்கா சைவம்.
அந்த டப்பாவை நான் காலி செய்தேன்.
அவளுக்கு முருங்கைக்கீரை, பேரீச்சை,
எலுமிச்சைத் தண்ணியோடு ராத்திரி மாத்திரை.
முழுங்கும்வரை
ஆள் மாற்றி ஆள் பக்கத்தில் நின்றார்கள்.

கிளம்புகிற வாரம்
பத்து புள்ளி ஆறு.
"பன்னண்டு ஆவலியே, எங்க கெளம்புற?"
விசா என்றால் என்ன என்று
நாகவல்லிக்குப் புரியவைக்க
என்னால் முடியவில்லை,
அல்லது அவள் புரிந்துகொள்ள விரும்பவில்லை.

ரத்தப் பட்டை முப்பத்தொன்று மிச்சமிருக்கிறது.
தீர்ந்தால் சீட்டுப் பணத்தில் வாங்குவதா என்று
இன்னும் தகராறு ஓடுகிறது.
கேள்வித்தாள் கட்டின் வெற்றுப் பக்கங்களில்
ரெஜினா கணக்கு எழுதுகிறாள்.

இருபதாவது வரிக்கு நேராக
அடுத்த பரிசோதனைத் தேதி.
வருகிற செவ்வாய்.