எதிர் எடை

கைபேசியில் ஓட்டப் பாதையின் படம் வந்திருக்கிறது.
மஸ்கட்டின் குன்றுகளை
யாரோ ஒற்றைப் பச்சைக் கோட்டில் இழுத்திருக்கிறார்கள்.
பதினொன்றாம் கிலோமீட்டரில் ஒரு திமில்,
பத்தொன்பதில் இன்னொன்று,
முப்பத்தொன்றில்
மாதக் கடைசியில் வாசலை மறித்து நிற்கும்
கடன்காரனைப் போல ஒரு செங்குத்து.

நானிருப்பது ஷார்ஜாவில்.
இங்கே ஒரு வாளி தண்ணீரைக் கொட்டினால்
எந்தப் பக்கம் ஓடுவதென்று அதற்கே தெரியாது.
பிறந்ததோ உப்பளத்து ஊர்.
மேடு என்றால் கீற்று மூடிய உப்பு அம்பாரம்தான்.

லிஃப்ட் மெக்கானிக் நான்.
பதினாறு வருடமாக
அடுத்தவர்கள் ஏறாமலே ஏறுவதற்கு
கம்பிவடங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
உயரம் எனக்கு மாடிகளில்தான் புரியும்.
கார் நிறுத்தும் கட்டடத்தில் ஒரு தளம் மூன்று மீட்டர்.
அந்தச் செங்குத்து நூற்று முப்பது மீட்டர் என்றால்
ஏழு தளத்தை
ஆறு முறையும் கொஞ்சமும்.
அந்தக் கொஞ்சத்தில்தான் ஆள் விழுவான்.

அதிகாலை மூன்றரை.
ஆகஸ்ட் காற்று, இட்லித் துணியை முகத்தில் போட்டது போல.
சாய்தளத்தில் சுற்றிச் சுற்றி ஏறுகிறேன்.
ரப்பர் நெடி, ஏசி சொட்டிய ஈரம்,
ஆறு மாதமாய் நகராத ஒரு நிசானின் புழுதியில்
யாரோ விரலால் வரைந்த மீன்.
ஒவ்வொரு சுற்றுக்கும்
காவலாளி லோக் பகதூர்
தரையில் ஒரு பாட்டில் மூடியை வைக்கிறான்.
அவன் ஊரில் பள்ளிக்கூடம் போகவே
இதைப்போல் மூன்று மடங்கு ஏற வேண்டுமாம்.
சொல்லிவிட்டுச் சிரிக்கிறான்.
முதல் மாடிக்கும் அவன் லிஃப்டில்தான் போவான்.

ஏறுவது நுரையீரலின் பாடு, சமாளித்துவிடலாம்.
இறங்குவதுதான் தொடையைத் தின்கிறது.
காலடி ஒவ்வொன்றும் பிரேக்.
மறுநாள் கழிப்பறையில் உட்காரச்
சுவரைப் பிடித்துக்கொள்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு நியாயம் உண்டு.
பெட்டி ஏறும்போது
பின்னால், இருட்டில்,
இரும்புப் பாளங்கள் இறங்கும்.
எதிர் எடை.
அது இல்லாவிட்டால் மோட்டார் திணறிப்போகும்.
ஐந்தாம் தளத்துத் திருப்பத்தில்
மூச்சு கிழியும்போதெல்லாம் கேட்பேன்:
எனக்காக எது இறங்குகிறது?
வியர்வை இறங்குகிறது. வேறொன்றும் தெரியவில்லை.

நேற்று நான்காவது சுற்றில்,
ஆறாம் தளத்தில்,
லிஃப்ட் கதவுக்குப் பின்னாலிருந்து தட்டும் சத்தம்.
"சேட்டா, ஆராணு அவிடெ?"
கடிகாரத்தை நிறுத்தினேன்.
இரவுப் பணி முடிந்து காரை எடுக்க வந்த நர்ஸ்.
ஷைனி என்றாள்.
பெட்டி இரண்டு தளங்களுக்கு நடுவே.
உள்ளே விசிறியும் ஓடவில்லை.
இயந்திர அறை மொட்டை மாடியில்,
அதன் சாவி கீழே என் வேனில்.
"அஞ்சு நிமிஷம்மா" என்றேன்.
"அஞ்சா?" என்றது கதவு.

ஆறு தளம் இறங்கினேன், எட்டு தளம் ஏறினேன்.
கையில் சாவிக்கொத்து குலுங்கிக்கொண்டே வந்தது.
எந்தத் திருப்பத்தில் மூச்சு வாங்கியது,
எந்தக் கால் முன்னால் விழுந்தது, கேட்காதீர்கள்.
மெயினை அணைத்து
கைப்பிடியால் பிரேக்கை மெல்லத் தளர்த்தினேன்.
உள்ளே ஒரே ஒரு ஆள், ஒரு கைப்பை,
ஒரு சாப்பாட்டு டப்பா.
இரும்புதான் கனம்.
அது தானாக இறங்கியது.
விரல் விரலாக அவள் ஏறினாள்.

ஏழாம் தளத்தில் கதவைத் திறந்ததும்
என் கால்சட்டையையும் நனைந்த பனியனையும்
மேலும் கீழும் பார்த்தாள்.
"கம்பெனி யூனிஃபாமா?"
ஆமாம் என்றேன்.

கீழே லோக் பகதூர்
ஒரு மூடியை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு
இதைச் சேர்க்கலாமா என்று கேட்டான்.
கடிகாரம் நின்றது நின்றபடி இருந்தது.
வேண்டாம், விடு.

இன்று காலை படியிறங்கும்போது
தொடை அதைச் சேர்த்துவிட்டிருந்தது.
மஸ்கட்டுக்கு இன்னும் இருபத்திரண்டு வாரம்.