க்ளாவர் ஏழு

மலைப்பாதையைக் காலையிலேயே மூடிவிட்டார்கள்.
நண்பகலில் வெளிச்சம் போல ஏதோ ஒன்று
ஃபியோர்டைத் தாண்டி ஜன்னல் வரை வந்தது,
உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.
பிறகு மின்சாரமும் போனது.

ஓர்ரி எங்கிருந்தோ ஒரு சீட்டுக்கட்டைக் கொண்டு வந்தான்.
தூண்டில் முள் டப்பாவுக்கு அடியில் கிடந்ததாம்.
ராணிகள் நால்வர் மேலும் காட் மீன் வாசனை.

விதிகளை அவனே சொன்னான், ஏழு வயதுக்குரிய கண்டிப்போடு:
ஜாக்கிகளில் மூன்றை ஓரமாக எடுத்து வை.
இஸ்பேட் ஜாக்கி மட்டும் இருக்கட்டும்,
அவன்தான் கறுப்புப் பேதுரு.
ஜோடி சேர்ந்தால் கீழே போடு.
பக்கத்து ஆள் கையிலிருந்து ஒன்றை உருவு.
கடைசியில் பேதுருவோடு மாட்டிக்கொள்பவர் மூக்கில்
கார்க்கைச் சுட்டுக் கரி பூசுவோம்.

கரி என்றதும் நான் அம்மாவைப் பார்த்தேன்.
'ஆலா' என்ற எங்கள் படகு விலைபோனதை
கூட்டுறவுக் கடையில் வெண்ணெய் வாங்கும்போதுதான்
அவள் கேள்விப்பட்டாள்.
ஊர் முன்னால் என் முகத்தில் கரி பூசிவிட்டாய்
என்று ஒரே ஒரு முறை சொன்னாள்.
அதன் பிறகு மூன்று நாளாய்
அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.
ஹூல்டா, அப்பாவிடம் உப்பைக் கேள்.
ஹூல்டா, அம்மாவிடம் உப்பு இல்லையென்று சொல்.
நான் தபால் சுமந்து களைத்திருந்தேன்.

ஆனால் சீட்டாட்டத்துக்குத் தபால்காரி தேவையில்லை.
அப்பா விசிறிபோல விரித்து நீட்டினார்.
அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் ஒன்றை உருவினாள்.
மெழுகுவர்த்தி இருவருக்கும் பொதுவாக எரிந்தது.

முதலில் ஓர்ரி வெளியேறினான்,
நாற்காலி மேல் ஏறி நின்று அதை அறிவித்தான்.
அடுத்து நான்.
மிச்சம் இரண்டு பேர், இரண்டு சீட்டு,
ஆளுக்கு ஒன்று.

அம்மாவின் முறை.
எடுக்கவில்லை.
தன் சீட்டைப் பார்த்தாள், அவர் சீட்டின் முதுகைப் பார்த்தாள்,
புருவம் மேலே ஏறியது.
"பேதுரு என்னிடம் இருக்கிறான், ஆஸ்கெய்ர்.
உன்னிடம் எப்படி ஒரு சீட்டு மிஞ்சும்?"

நேராக அவரிடமே கேட்டாள்.
ஓர்ரிகூட வாயை மூடிக்கொண்டான்.

அப்பா திருப்பிப் போட்டார். டைமண்ட் ஏழு.
கீழே கிடந்த குவியலை விரலால் கிளறினார்.
இஸ்பேட் ஏழு, ஆட்டின் ஏழு.
கொஞ்ச நேரம் யோசித்தார்.

"க்ளாவர் ஏழு படகில் இருக்கிறது.
கேபின் கதவு ஆடாமலிருக்க
நான்காக மடித்துக் கீலில் செருகியிருந்தேன்.
அதையும் சேர்த்து விற்றிருக்கிறேன் போல."

அம்மா சிரிக்கவில்லை.
சிரிப்புக்கு முன்பாக வாய் கோணுமே, அதோடு நின்றது.

பிறகு அப்பா விதியை மீறினார்.
முறை தனக்கில்லாதபோதே கையை நீட்டி
அவள் விரல்களிலிருந்து கறுப்புப் பேதுருவை உருவித்
தன் ஏழோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.
"கள்ளாட்டம்!" என்று கத்தினான் ஓர்ரி.
தோற்பதற்காக யாராவது கள்ளாட்டம் ஆடுவார்களா,
அவனுக்குப் புரியவில்லை.

அம்மா கார்க்கைச் சுடரில் காட்டினாள்.
அப்பா மேசை மேல் குனிந்து
முகத்தைக் கொடுத்தார்.
அவள் பூசினாள், ஆட்டத்துக்குத் தேவையானதைவிட
அழுத்தமாகவே, மூக்கோடு நிற்காமல்.
அவர் அசையாமல் இருந்தார்.
உப்பைப் பற்றி இப்போதும் யாரும் பேசவில்லை.

அதற்குள் ஓர்ரி பால் அட்டைப்பெட்டியை வெட்டி
காணாமற்போன சீட்டைச் செய்துவிட்டான்.
பின்புறம் நீலப் பசுவின் பாதி முகம்.
முன்புறம் நாக்கைத் துருத்திக்கொண்டு
ஒவ்வொன்றாக வரைந்த க்ளாவர்கள்.
எண்ணிப் பார்த்தேன்.
எட்டு.

ஆக, இனி எட்டுகள் ஐந்து, ஏழுகள் மூன்று,
ஜோடியில்லாத சீட்டுகள் இரண்டல்ல, மூன்று.
கார்க் இன்னும் சூடாக இருந்தது.
நான் வாயைத் திறக்கவில்லை.
"கலைத்துப் போடுங்கள்" என்றேன்.