இரண்டாம் நிரல்

கப்பல் திருகோணமலையில் நங்கூரம் போட்ட விடியலில்
தாளில் இரண்டு நிரல்கள்.
முதலாவது: கடற்கரை நாள். நிலாவெளி, சாய்கதிரை, இளநீர்.
நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.
இரண்டாவது: பண்பாட்டு உலா, வன்னி. மதியச் சாப்பாடு உட்பட.
ஒன்பது பெயர்கள்.

வழிகாட்டிகளில் இரண்டாவதை
எவரும் கேட்டு வாங்குவதில்லை.
நான் கேட்டு வாங்குவேன்.
"கடல் வெயிலுக்குப் பயமோ?" என்பார் முகாமையாளர்.
ஓம் என்பேன்.

நெடுங்கேணி தாண்டும்போது ஏழு பேர் நித்திரை.
நங்கநல்லூர் சேஷகோபாலன், வங்கியில் இருந்தவர்,
ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் உரத்து வாசித்து வந்தார்.
கடைசி இருக்கையில் ஜெசிந்தா.
சட்டைக்குள்ளே நீச்சலுடை,
கழுத்தோரம் பச்சை நாடா தெரிந்தது.
"பெரியம்மா என் பேரை மாத்தி எழுதிட்டாங்க" என்றாள்
யன்னலைப் பார்த்து.

ஒட்டுசுட்டானில் இறங்கிச் சொன்னேன்:
குரக்கன் வெட்டி, மிஞ்சிய ஒட்டைச் சுட்டான் ஒருவன்.
ஒரு தூர் மட்டும் எரியவில்லை.
வெட்டினான். இரத்தம்.
அதுதான் கோயில், அதுதான் ஊர்ப்பெயர்.
இதற்கு எனக்கு மூன்று நிமிடம்,
கேள்விகளுக்கு இரண்டு.
"எந்த நூற்றாண்டு?" சேஷகோபாலன்.
தெரியாது என்றேன்.
அதையும் குறித்துக்கொண்டார்.

வற்றாப்பளையில் வெறுங்காலோடு
மணலில் துள்ளித் துள்ளி நடந்தார்கள்.
கோயிலுக்கு அப்பால் தண்ணீர், நீளமாக.
"அது கடலா?"
களப்பு. பெயர்தான் நந்திக்கடல்.
ஒற்றைக் கொக்கு நின்றது; எல்லோரும் படமெடுத்தார்கள்.
வைகாசிப் பொங்கலுக்கு
அம்மனின் விளக்கு எண்ணெயில் எரிவதில்லை,
உப்புநீரில் எரிகிறது என்றேன்.

அதுவரை வாய் திறக்காதவள் திறந்தாள்:
"எந்தக் கடலோட தண்ணி?"
சிலாவத்தைப் பக்கம்.
"எவ்ளோ தூரம்?"
என் குறிப்புத் தாளில் அந்தக் கேள்வி இல்லை.
சாரதி அருந்தவராசா,
கேளாத கேள்விக்கும் விடை வைத்திருக்கும் மனிசன்,
"கால் மணித்தியாலம்" என்றார்.
ஒன்பது கைகள் உயர்ந்தன.

தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் நின்றேன்.
அந்த இடம் எதுவென்று
பதினாறு வருடமாய் என் காலுக்குத் தெரியும்.
செருப்பு, கண்ணாடி, போன், சட்டை
எல்லாவற்றையும் என் கையில் திணித்துவிட்டு
அவள் ஓடினாள்.
சேஷகோபாலன் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி
வாசிக்க ஒன்றுமில்லாத திசையைப் பார்த்து
பேசாமல் நின்றார்.

"வாங்கக்கா, தண்ணி வெதுவெதுன்னு இருக்கு!"
தெரியும் என்றேன்.
எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தால்
மூன்று நிமிடம் போதாது.
அவள் கேட்கவில்லை.
அலை ஒன்று வந்து அவளை மூடி
திருப்பித் தந்தது.
அந்த இடைவெளியில் நான்
இரண்டடி மணலுக்குள் போயிருந்தேன்,
கையில் அவள் செருப்போடு.

போத்தலில் அள்ளி வந்தாள்.
(அவள் பாட்டில் என்றாள்.)
"எரியுமாக்கா?"
அம்மன் கேட்டால் எரியும்.
"கேட்டாங்களா?"
சிரித்தபடி ஏறினாள்,
ஈரத் தலைமுடி இருக்கை உறையை நனைக்க,
அருந்தவராசா முணுமுணுத்தபடி துவாய் நீட்டினார்.

துறைமுகக் காவலில் விடவில்லை.
திறந்த போத்தல், பெயரில்லாத திரவம்.
"நீங்களே வச்சுக்கோங்க" என்று தந்துவிட்டு
படி ஏறிப் போனாள்.
கப்பலின் விளக்குகள் ஒவ்வொரு தட்டாய்ப் பற்றின.

அறிக்கையில் எழுதினேன்:
திட்டத்தில் இல்லாத ஒரு தரிப்பு.
காரணம், விருந்தினர் விருப்பம்.
முகாமையாளர் ஒன்றும் கேட்கவில்லை.

போத்தல் என் அறையில், அலுமாரிக்கு மேல்.
கரண்ட் போகிற இரவுகளில்
நெருப்புப்பெட்டி தேடும் கை
முதலில் அதில்தான் முட்டுகிறது.