ஒரு யூரோ வெளிச்சம்

பொலோனியா ரயில் நிலையத்தில்
வரைபடம் பார்த்து நாங்கள் ஊரைத் தேர்வதில்லை.
நான்கு யூரோ அறுபதுக்கு வண்டி எதுவரை போகும் என்று
டிக்கெட் இயந்திரத்தைக் கேட்போம்.
அது எங்கே இறக்கிவிடுகிறதோ
அதுதான் அந்த ஞாயிறின் இத்தாலி.
காசுக்கேற்ற தோசை.

நாங்கள் நால்வர்.
தரிக்கு, அடிஸ் அபாபா, கால்நடை மருத்துவம்.
தில்னோசா, தாஷ்கண்ட், கட்டடக்கலை.
எந்தச் சுவரைக் கண்டாலும்
விரல்முட்டியால் ஒருமுறை தட்டிப்பார்ப்பாள்.
இல்ஸே, ரிகா, கணிதம்.
பையில் எப்போதும் ஆறு அவித்த முட்டை.
(நால்வருக்கு ஆறு. அவளுக்கே அது உறுத்துவதில்லை.)
நான் பொருளாளர்.
பொதுப்பணம் என் சட்டைப்பையில்,
கணக்கு ஒரு பச்சை நோட்டில்.

மாதத்தின் முதல் ஞாயிறு
அருங்காட்சியகம் இலவசம் என்று வந்தோம்.
வாசலில் நின்றவர் இரண்டு விரல் காட்டினார்:
இது இரண்டாவது.
ஒன்றாம் தேதியே ஞாயிறாய் இருந்ததைக்
கணிதம் படிப்பவள்தான் எண்ணாமல் விட்டிருந்தாள்.

டிக்கெட் பன்னிரண்டு யூரோ.
இருபத்தைந்து வயதுக்குள் இருந்து
ஐரோப்பியக் கடவுச்சீட்டும் இருந்தால்
இரண்டே யூரோ.
இல்ஸே தன் கடவுச்சீட்டை வெளியே எடுத்தாள்,
எங்களைப் பார்த்தாள்,
திரும்ப உள்ளே வைத்து
படிக்கட்டில் உட்கார்ந்து முட்டை உரித்தாள்.
யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
உப்பு மட்டும் கைமாறியது.

வெளியே மூடுபனி.
எதிரே வருபவரின் சைக்கிள் மணி
சைக்கிளுக்கு முன்னால் வந்தது.
குளிருக்கு ஒதுங்கத்தான் தேவாலயத்துக்குள் போனோம்.

பக்கவாட்டு மண்டபம் கும்மிருட்டு.
சுவரில் ஏதோ பெரிய ஓவியம்.
தூணில் ஓர் இரும்புப் பெட்டி, அதில் ஒரு துவாரம்:
வெளிச்சம், ஒரு யூரோ.
என் பையில் மிச்சம் சரியாக ஒரு யூரோ.
அது காப்பிக்கு: ஒரு கோப்பை, நான்கு வாய்.

காத்திருந்தோம்.
கெட்டிக் கோட்டு அணிந்த ஜெர்மன் தம்பதி வந்தார்கள்.
நாணயம் விழும் சத்தம் கேட்டதும்
ஏதோ அவ்வழியாக வந்தவர்கள் போல
அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டோம்.

பெரிய விருந்து மேசை. மீன். ரொட்டி.
காரை உதிர்ந்து முகம் போன ஒரு தேவதை.
மேசைக்கடியில் நாய்.
டக்.
இருட்டு.

அதற்குப் பிறகுதான் சண்டை.
நாய் நொண்டுகிறது, என்றான் தரிக்கு,
பின்னங்கால், இடது.
அது கால் அல்ல, சுவரின் விரிசல், என்றாள் தில்னோசா.
இல்ஸே மீன்களை எண்ணியிருந்தாள், ஒன்பது.
நான் எதையும் பார்க்கவில்லை,
எத்தனை விநாடி எரிகிறது என்று
கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெர்மானியர்கள் போய்விட்டார்கள்.
இருட்டுக்குள் இருந்து மூன்று பேர்
என் சட்டைப்பையைப் பார்ப்பது தெரிந்தது.

போட்டேன்.

இந்த முறை நாய்க்கு மட்டும்.
தரிக்கு கம்பியின்மேல் சாய்ந்து
நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
தில்னோசா தலையைச் சாய்த்துச் சாய்த்து
கடைசியில் சரி, கால்தான், என்றாள்.
எங்களுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்:
தரை துடைக்கும் பெண்,
சட்டையில் ஒர்னெல்லா என்று பெயர் தைத்திருந்தது.
பதினோரு வருடமாய் இங்கே துடைக்கிறேன், என்றாள்,
அந்த நாயின் கால் எனக்குத் தெரியாதே.

டக்.

போச்சு, என்றேன் தமிழில்.
ஒர்னெல்லா துடைப்பத்தைத் தூணில் சாய்த்தாள்.
பெட்டியின் இடப்பக்கம்
முஷ்டியால் ஒரே ஒரு குத்து.
மேசை, மீன், ரொட்டி, நாய்
எல்லாம் திரும்ப வந்தன, இலவசமாய்.
முன்பே சொல்லியிருக்கலாமே, என்றாள் இல்ஸே.
நீங்கள் காசு போடுவீர்கள் என்று
நான் நினைக்கவே இல்லை, என்றாள் அவள்.

திரும்பும் வண்டியில் காப்பி இல்லை.
மிச்சமிருந்த முட்டைகளை
நால்வருக்கும் வகுக்க ஒரு தீர்வும் கிடைக்கவில்லை.
பச்சை நோட்டில் எழுதினேன்:
நாய், 1.00.
ஜன்னல் முழுக்க வெள்ளை.
வெகுநேரம் கழித்து தரிக்கு சொன்னான்:
எலும்பு முறியவில்லை,
இரண்டு வாரம் கட்டுப்போட்டால் நடக்கும்.