மேயர் வரும் நேரம்

சனிக்கிழமை.
சாப்லினா பேருந்து நிலையத்தின் மூன்றாவது சன்னல்
இன்று என்னுடையதல்ல.
“மோஸ்தார் வண்டி இருபது நிமிடம் தாமதம், மன்னிக்கவும்”
என்று ஒலிபெருக்கியில் கெஞ்ச
இன்றைக்கு வேறொருத்தி.

நான் வெறுங்காலோடு கல் முற்றத்தில்.
பித்தளை அரவையைத் தொடையிடுக்கில் நிறுத்திச் சுற்றுகிறேன்.
செம்பு ஜெஸ்வாவில் நுரை எழும்பி
விளிம்பை எட்டிப் பார்த்துவிட்டு அடங்குகிறது.
மறுபடி தீ. மறுபடி எட்டிப் பார்த்தல்.

மதிலோரம், ரோஸ்மேரிப் புதருக்கு அடியில்
ஒரு கல் கண் திறக்கிறது.

மேயர் என்று பெயர் வைத்தவன் என் தம்பி இஸ்மெத்.
என்ன கேட்டாலும் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறாராம்,
பிறகு எதுவும் நடக்காததுபோல் கீரை தின்கிறாராம்.
ஓட்டின் வலப்பக்கம் ஒரு விரிசல்:
ஸ்டோலாட்ஸ் சாலையில் ஏதோ லாரி போட்ட கையெழுத்து.
எட்டு வருடமாகிறது தூக்கி வந்து.
ஆமை புகுந்த வீடு என்று முகம் சுளிக்க
இந்தத் தெருவில் ஆளில்லை.

மதிலிலிருந்து என் கால் கட்டைவிரல் வரை
பதினான்கு கற்பலகை.
ஜூலையில் அதைக் கடக்க அவருக்கு ஏழு நிமிடம்.
கடிகாரம் பார்த்தே சொல்கிறேன்; தொழில்புத்தி விடுமா?
மண்டி கீழே உட்கார்ந்து
முதல் மடக்கு தொண்டையில் இறங்கும்போது
குளிர்ந்த மூக்கு ஒன்று என் விரலை முட்டும்.
ஆகஸ்ட் கடைசியில் பதினொன்று ஆனது.

இன்று
சர்க்கரைக் கட்டியின் முனையை நனைத்து,
கடித்து,
அதன்மேல் கசப்பை ஓடவிட்டு
ஒரு ஃபில்ஜான் காலி.
அவர் ஆறாவது பலகையில் நிற்கிறார்.
வெயில் விழும் இடம் அது.
கழுத்தை முழுக்க நீட்டி, கண்ணை மூடி,
இரும்புச் சட்டியைப்போல மெல்லச் சூடேறுகிறார்.

ஏறட்டும்.
மாதுளை ஒன்று வெடித்துப் பல் தெரிகிறது.
இரண்டாம் போகத்து அத்திகள் காம்பிலேயே சுருங்கித் தேன் கசிய
குளவிகளுக்குத் தலைகால் புரியவில்லை.
ஹெர்சகோவினாவின் அந்தப் பொல்லாத வெயில்
போகவில்லை, வேலையை மட்டும் விட்டுவிட்டது;
சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டு
சுவரில் சாய்ந்திருக்கிறது.
நெரெட்வா ஆற்றுப் பக்கமிருந்து ஒரு குளிர்
முழங்காலைத் தொட்டு, ஆள் மாறிவிட்டதுபோல் விலகுகிறது.
உயரத்தில் பஞ்சுருட்டான்கள், தெற்கே,
க்ரூக் க்ரூக் என்று பேசிக்கொண்டே.
இந்த ஊரிலிருந்து நேரத்துக்குப் புறப்படுவது
அவை மட்டும்தான்.

மதிலுக்கு அப்பால் சிவப்பு மிளகாய் சுடும் புகை.
புகைக்குள்ளிருந்து ஸ்டாங்கா:
“சும்ரா, இன்னும் வரவில்லையா?”
“எட்டாவது பலகை.”
“அப்போது எனக்கும் ஒன்று ஊற்று.”
கருகிய தோல் ஒட்டிய விரல்களோடு வந்து உட்கார்கிறாள்.
இந்த வருடம் ஒரு சாக்கு மிளகாய் என்ன விலை,
அவளுடைய இடது முட்டி,
மிளகாய் வாங்கிக் கொடுத்துவிட்டு
உரிக்கும் நாளில் காணாமல் போகும் மருமகன்.
இரண்டாவது ஜெஸ்வா.

பத்தாவது பலகையில் ஒரு மாதுளை இலை கிடக்கிறது.
அதைச் சுற்றிப் போகலாமா, மேலேறிப் போகலாமா?
மேயர் ஆலோசிக்கிறார்.

எனக்குத் தாங்கவில்லை.
மூக்கைப் பிடித்துக்கொண்டு, அலுவலகக் குரலில்:
“பயணிகளின் கனிவான கவனத்துக்கு.
மதிலிலிருந்து கட்டைவிரல் வரை செல்லும் மேயர்
பத்தொன்பது நிமிடம் தாமதமாக வருகிறார்.”
வழக்கமான கடைசிச் சொல் நாக்குவரை வந்தது.
விழுங்கிவிட்டேன், காபியோடு.
ஸ்டாங்காவுக்குச் சிரிப்பில் புரையேறுகிறது.

வந்தார்.
வந்தவர் என் விரலை ஏறிட்டும் பார்க்காமல்
அவள் நாற்காலிக்கு அடியில் கிடந்த அத்தித் தோலுக்குப் போனார்.
உதட்டோரம் சிவப்பாக ஒரு விதை.

அக்டோபர் நடுவில் ரோஸ்மேரிக்குக் கீழே மண்ணைத் தோண்டுவார்.
அதற்கு இன்னும் நான்கைந்து சனிக்கிழமை.
இருபத்தைந்து நிமிடம் ஆகும், முப்பது ஆகும்.

பெரிய ஜெஸ்வா பரண்மேல் இருக்கிறது.
இறக்க வேண்டும்.